அண்ணாச்சி, ஒரு வலி மாத்திரை

நெருளில் என் மருந்துக் கடையில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதிகம் விற்பது வலி மாத்திரைதான். ஹார்பர் லைன் வண்டிகள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகப் போக கவுண்டரில் கூட்டம் சேரும். 'தர்த் கீ கோலி' என்பார் ஒருவர். 'பாவூ, அங்க துக்தய்' என்று தோளைத் தொட்டுக் காட்டுவார் இன்னொருவர். தாராவியிலிருந்து இங்கே வீடு மாறி வந்த திருநெல்வேலிக்காரர்கள், 'அண்ணாச்சி, மேலெல்லாம் ஒரே வலி, ஒரு மாத்திரை குடுங்க' என்பார்கள். மாட்டுங்காவில் பல காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் வாங்கிய ஃப்ளாட்டில் இப்போது குடியிருக்கும் மாமிகளுக்கு மாத்திரையின் பெயரே அத்துப்படி. நேரே 'ஒரு ஸ்ட்ரிப் காம்பிஃப்ளாம்' என்றுதான் கேட்பார்கள். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?

பலருக்கு இது பிடிப்பதில்லை. வலியோடு நிற்பவருக்குக் கேள்வி எரிச்சல் தரும், அது நியாயம்தான். ஆனாலும் கேட்காமல் கொடுப்பதில்லை. அலமாரியிலிருந்து மாத்திரையை எடுக்கச் சின்னப் பையனைப் பழக்கிவிடலாம். மருந்தாளுநர் என்று சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பவனுக்கு உள்ள வேலை, அந்த மாத்திரை போய்ச் சேரப்போகும் உடம்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது.

எண்பதுகளின் கடைசியில் டி.ஃபார்ம் முடித்துவிட்டுச் செம்பூரில் ஒரு பழைய கடையில் சேர்ந்தேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் படிக்காதே, கீழே பொடி எழுத்தில் இருக்கிற சால்ட்டைப் படி என்பது முதலாளி கற்றுக்கொடுத்த முதல் பாடம். மருந்தின் வேதிப்பொருளை நாங்கள் சால்ட் என்றுதான் சொல்வோம். 1992இல் ரயில் கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்கு வந்தது; மறுவருஷம் நெருளுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் இந்த ஊரைக் கட்டிய அரசு நிறுவனமான சிட்கோவின் கட்டிடம் ஒன்றில் கடையெடுத்து உட்கார்ந்தேன். செக்டர் எண் சொன்னால்தான் வழி தெரியும் என்கிற புது ஊரில், மருந்துக் கடைக்காரன்தான் பாதிப் பேருக்கு முதல் டாக்டர்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் என் அலமாரியில் இரண்டு தட்டு உண்டு. ஒன்றில் பாராசிட்டமால் மட்டும்: க்ரோசின், கால்பால், டோலோ. காய்ச்சலை இறக்கும், வலியைக் குறைக்கும், வீக்கத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது. மற்றதில் வீக்கத்தையும் சேர்த்து அடக்குகிற கூட்டம்: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நிமெசுலைடு, எட்டோரிகாக்சிப். இவற்றுக்கெல்லாம் மூத்தது ஆஸ்பிரின். 1897இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஆய்வகத்தில் செய்தார்கள். உலகமே விழுங்கிக்கொண்டிருந்த அந்த மாத்திரை உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல 1971 வரை ஆளில்லை. லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானிதான் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அடிபட்ட இடத்தில் ப்ராஸ்டகிளாண்டின் என்ற பொருள் ஊறுகிறது, வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் அது கூட்டுகிறது, ஆஸ்பிரின் வகை மருந்துகள் அது ஊறுவதைத் தடுக்கின்றன என்பது அவர் சொன்னது.

கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது மனதில் ஒட்டவில்லை. கடைக்கு வந்த பிறகுதான் அதன் மறுபாதி புரிந்தது. அதே ப்ராஸ்டகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. முட்டிவலிக்கு விழுங்கிய மாத்திரை முட்டிக்கு மட்டும் போவதில்லை; இந்த இரண்டு காவலையும் தளர்த்திவிட்டுத்தான் அங்கே போகிறது. நல்ல உடம்பு, சாப்பிட்ட வயிறு, இரண்டு மூன்று நாள் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கெடுதல் எப்போதும் கூட்டுச் சேர்க்கையில்தான் வருகிறது.

மழைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை தொடங்கி அக்டோபர் முடியும்வரை இங்கே டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல் மூன்றும் கூடவே நடக்கும். அந்த மாதங்களில் காய்ச்சல் என்று வருகிறவருக்கு என் கடையில் பாராசிட்டமால் தவிர எதுவும் கிடையாது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் மிச்சமிருக்கிற தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். வயிற்றுச் சுவரையும் புண்ணாக்கும். ரத்தக்கசிவுக்கு இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், டெங்குவில் வலி சாமானியமாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் குத்தும், இடுப்பு ஒடியும். பாராசிட்டமால் அந்த வலிக்குப் போதாது. அதனால் மறுநாளே வந்து, 'டோலோ கேக்கல, இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க' என்று நிற்பார்கள்.

மாபே பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் அப்படி வந்தான். ரூமில் கூட இருக்கிறவன் கொடுத்தானென்று டைக்ளோஃபெனாக் ஸ்ட்ரிப் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. இன்னும் விழுங்கவில்லை. முன்கையைத் திருப்பிப் பார்த்தேன், சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. அந்த ஸ்ட்ரிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, எலெக்ட்ரால் பாக்கெட்டும் பாராசிட்டமாலும் கொடுத்து, அப்போதே டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனைக்கும் டாக்டரிடமும் அனுப்பினேன். டெங்குதான். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தான். வலி பொறுக்காமல் அன்றிரவு அந்த மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எந்தத் திசையில் ஆகியிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும்.

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பையில் இருந்தவர் யாரும் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்த ஜனம் அடுத்தடுத்த வாரங்களில் காய்ச்சலோடு வந்தது. அதில் கெண்டைக்கால் வலி என்று தனியாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவ்வளவு தூரம் நடந்ததால் வலிக்கிறது என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். அது சிறுநீரகத்தைத் தாக்குகிற நோய். அந்த நேரத்தில் வலி மாத்திரை கொடுப்பது, ஏற்கெனவே தடுமாறுகிற சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் சேர்த்துக் குறைப்பதாகும். அந்த மாதம் நான் விற்றதைவிடத் திருப்பி அனுப்பியது அதிகம்.

குழந்தைகள் விஷயத்தில் பயம் வேறு மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில் நிமெசுலைடு இந்தியச் சந்தைக்கு வந்தபோது, காய்ச்சலை மளமளவென்று இறக்குகிறது என்று பெயர் வாங்கியது. குழந்தைகளுக்கு சிரப்பாகவும் வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத தாய்க்குக் காய்ச்சல் இறங்கினால் போதும்; அந்த அவசரத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2002இல் ஃபின்லாந்தும் ஸ்பெயினும் ஈரல் பாதிப்பைக் காரணம் காட்டி இந்த மருந்தை நிறுத்திவைத்தன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதற்கு அனுமதியே கிடைத்ததில்லை. இங்கே 2011 பிப்ரவரியில்தான் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது என்று அரசாங்கம் தடைபோட்டது. கடையில் இருந்த பாட்டில்களைக் கட்டி ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் பழைய பாட்டிலைக் கொண்டுவந்து காட்டி 'இதே குடுங்க' என்று கேட்கிற தாய்மார்கள் அதற்கப்புறமும் ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தார்கள். பெரியவருக்கு ஆகிறது பிள்ளைக்கும் ஆகும், அளவைக் குறைத்தால் போதும் என்ற எண்ணம் லேசில் போவதில்லை.

நிமெசுலைடு போன இடத்துக்கு இப்போது மெஃபனாமிக் ஆசிட் சிரப்பும், ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப்பும் வந்திருக்கின்றன. டாக்டர் எழுதினால் கொடுப்பேன். போன வருஷச் சீட்டை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் கேட்டால் கொடுப்பதில்லை. காரணம் மேலே சொன்ன டெங்குதான்.

பாராசிட்டமாலிலேயே கவனிக்க ஒன்று இருக்கிறது. பாட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. அதாவது சொட்டு மருந்து, 125 சிரப்பைவிட நாலு மடங்கு கெட்டி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 150 மில்லிகிராம் வேண்டும். 125 சிரப்பில் அது 6 மில்லி. 250இல் 3 மில்லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சிரப்பு தீர்ந்து சொட்டு மருந்தை எடுத்த பாட்டி, வழக்கம்போல 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ஆகவே ஒவ்வொரு பாட்டிலின் மேலும் குழந்தையின் எடையைக் கேட்டு, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருதரம் என்று மார்க்கர் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன். தமிழ்க் குடும்பம் என்றால் தமிழில், மற்றவர்களுக்கு மராத்தி எழுத்தில். மூடியில் வரும் குப்பியில் 'இது வரைக்கும்' என்று ஒரு கோடும் போட்டுவிடுவேன்.

பெரியவர்களின் வயிற்றுக்கு வருகிறேன். வாஷி ஏ.பி.எம்.சி. சந்தையில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் சிலர் என் வாடிக்கையாளர்கள். வெங்காயம், அரிசி, பருப்பு, எதுவானாலும் ஒரு மூட்டை 50 கிலோ வரும். விடியுமுன் லாரி வந்துவிடும். ஒரு கட்டிங் சாய், கூடவே ஒரு வலி மாத்திரை, அப்புறம் முதல் மூட்டை. வலி வருவதற்கு முன்பே போட்டுக்கொள்கிற மாத்திரை அது. இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்த முதுகு ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. நான் கேட்டுக்கொள்வதெல்லாம், அதற்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இருக்கட்டும், ஒரு வடாபாவாவது, என்பதுதான். மார்ச், ஏப்ரலில் வேர்வை ஆறாக ஓடும்போது தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வேன். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகம் ப்ராஸ்டகிளாண்டினை நம்பித்தான் ரத்தம் வாங்கிக்கொள்கிறது. அப்போது இந்த மாத்திரை இரண்டு மடங்கு கெடுதல்.

'மாத்திரை வயித்தப் புண்ணாக்குதுன்னா ஊசி போட்டுக்கறேன்' என்று சொல்பவர்கள் உண்டு. படித்தவர்களும் சொல்வார்கள். மாத்திரை இரைப்பையில் விழுந்து உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்து ப்ராஸ்டகிளாண்டினை நிறுத்துவதால்தான் முக்கியமாக வருகிறது. ஆகவே இடுப்பில் போட்ட ஊசியும் வயிற்றைத் தொடும். கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மை. இரைப்பையை அது காக்கும். குடலின் கீழ்ப்பகுதியையோ சிறுநீரகத்தையோ காக்காது. மலம் தார் நிறத்தில் கறுப்பாகப் போனால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்; மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை மட்டும் கூச்சப்படாமல் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

சிறுநீரகத்தைப் பற்றி எனக்கு நன்றாக உறைக்கும்படி காட்டியவர் எங்கள் செக்டரில் இருந்த ஒரு பாலக்காட்டு மாமா. பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் 40 மாசாமாசம் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு அது டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்ததாக மாறியது. அதற்கடுத்து அம்லோடிபின் கூடியது. ஒரு நாள் சீட்டில் இன்னொரு நீர் மாத்திரையான ஃப்ரூசமைடும் இருந்தது. காலைப் பார்த்தேன். செருப்பின் வார் பதிந்து பள்ளம் விழுகிற அளவு வீக்கம்.

'என்ன மாமா, மாத்திரை ஏறிண்டே போறதே' என்றேன்.

'வயசாறதோன்னோ. பிரஷர் ஏறிண்டே இருக்குங்கறார் டாக்டர். கால் வேற வீங்கறது.'

'வேற ஏதாவது போட்டுக்கறேளா?'

'வேறொண்ணும் இல்லை. முட்டிக்கு மட்டும் ஒண்ணு. அது வலி மாத்திரைதானே, அதை எதுக்குச் சொல்லணும்?'

என்னிடம் வாங்கவில்லை. வாக்கிங் நண்பர் ஒருவருக்கு எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்த எட்டோரிகாக்சிப் 90, நன்றாகக் கேட்கிறது என்று இவரும் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பக்கம் ஏதோ கடையில் சீட்டில்லாமலே கிடைத்திருக்கிறது. அந்த மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும்; ரத்த அழுத்தத்தை ஏற்றும். 140/90க்கு மேல் கட்டுக்கடங்காத அழுத்தம் உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு சொல்லிப் பல வருஷம் ஆகிறது. டெல்மிசார்ட்டான் ஒரு பக்கம், நீர் மாத்திரை ஒரு பக்கம், வலி மாத்திரை ஒரு பக்கம் என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். வலி மாத்திரையால் ஏறிய அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதனால் வந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை என்று கணக்கு நீண்டுகொண்டே போயிருக்கிறது. டாக்டரைக் குறை சொல்ல இடமில்லை. அவரிடம் யாரும் முட்டி மாத்திரையைப் பற்றிச் சொல்லவேயில்லை.

என் கம்ப்யூட்டரில் இருந்த பில்களைத் தேதி வாரியாக ஒரு தாளில் எடுத்தேன். எந்த மாசம் எந்த மாத்திரை கூடியது, எட்டோரிகாக்சிப் எப்போது தொடங்கியது என்று மாமாவிடமே கேட்டுப் பக்கத்தில் எழுதினேன். 'இதை டாக்டர்ட்ட அப்படியே குடுத்துடுங்கோ' என்று அனுப்பினேன். டாக்டர் அன்றே எட்டோரிகாக்சிபை நிறுத்தி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தார். ஏறித்தான் இருந்தது, ஆனால் கைமீறிப் போகவில்லை. சில வாரத்தில் வீக்கம் வடிந்தது, ஃப்ரூசமைடு நின்றது, பிறகு அம்லோடிபினும் நின்றது. முட்டிக்குப் பாராசிட்டமாலும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும், மேலே தடவ டைக்ளோஃபெனாக் ஜெல்லும். ஜெல்லில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு. முட்டி, கைவிரல் மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கிற மூட்டுகளுக்கு நான் முதலில் சொல்வது அதுதான்.

தைலம் தேய்ப்பதை மட்டமாக நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் மஞ்சள் டப்பாவாகப் புழங்கிய அம்ருதாஞ்சன், காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் இதே பம்பாயில் தொடங்கியது. பிறகுதான் சென்னைக்குப் போனது. அந்த மாதிரி தைலங்களில் வாசம் தருகிற மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவுக்காரப் பொருள். ஊட்டியில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்பதிலும் அதுதான் இருக்கிறது. தேய்த்தால் இதம் தரும். ஆனால் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போட்டுக்கொள்கிறவர்கள் உடம்பு முழுக்க வாரித் தேய்க்கக் கூடாது. தோல் வழியாகப் போகிற அளவே அவர்களுக்கு ரத்தக்கசிவை உண்டாக்கியிருக்கிறது.

மாமாவின் கதைக்குப் பிறகு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கழுகுகளை. மலபார் ஹில்லில் பார்சிகள் இறந்தவர் உடலைக் கழுகுகளுக்காக வைக்கும் அமைதிக் கோபுரங்களுக்கு ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பாறுக் கழுகுகள் வரும். தொண்ணூறுகளில் அவை மறையத் தொடங்கின. அங்கே மட்டுமல்ல, இந்தியா முழுக்க. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் போய்விட்டன. காரணம் தெரியாமல் எல்லோரும் தவித்தார்கள். பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்ஸே ஓக்ஸ் குழு 2004இல் விடை சொன்னது: டைக்ளோஃபெனாக். வலிக்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்குப் போட்ட ஊசி. ஊசி போட்டும் செத்துப்போன மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்தது. மலபார் ஹில்லில் கழுகுகள் போனபின், உடல்களுக்காகச் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்க வேண்டிவந்தது.

2006இல் மாட்டு மருந்தாக டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான 30 மில்லி பாட்டில் கடைகளில் இருந்தது. அது யாருக்கு? மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். பன்வேல் பக்கத்து எருமைத் தொழுவங்களிலிருந்து வந்து அந்தப் பெரிய பாட்டிலைக் கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதைக் கடையில் வைப்பதை நிறுத்திவிட்டேன். 2015இல் அரசாங்கமே மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லிக்கு மேல் வரக்கூடாது என்று உத்தரவிட்டது. 2023இல் மாடுகளுக்குக் கீட்டோப்ரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடை. மெலாக்சிகாம் கழுகுகளைக் கொல்வதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்புவேன். முதுமலைக்குப் பக்கத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அவை அங்கே இருப்பதற்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் தொடர்பிருக்கிறது என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன்.

மாதவிலக்கு வலிக்கு வாங்க வருகிற பெண்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கல்லூரி விடுதிப் பெண்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, செல்போனில் பெயரைக் காட்டுவார்கள்: மெஃப்டால் ஸ்பாஸ். மெஃபனாமிக் ஆசிடும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் சேர்ந்தது. இந்த வலிக்கு இந்த வகை மருந்துதான் பொருத்தம். கருப்பைச் சுவரில் ஊறும் ப்ராஸ்டகிளாண்டினால்தான் அந்த வலியே வருகிறது. வலி உச்சிக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போடலாம், இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடு என்று மெதுவாகச் சொல்வேன். 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தக ஆணையம் மெஃபனாமிக் ஆசிடைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வருகிறது, கவனியுங்கள் என்பது செய்தி. தொலைக்காட்சியில் அது மாத்திரையே விஷம் என்கிற மாதிரி ஓடியது. பயந்துபோய்க் கேட்ட பெண்களிடம், போட்டபின் உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், இத்தனை நாள் ஒத்துக்கொண்டதென்றால் பீதி வேண்டாம் என்று சொன்னேன். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கையில் எடுக்கவே வேண்டாம்.

கூட்டு மாத்திரைகள் இந்த நாட்டின் தலைவலி. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. ஜெரோடால்-பி என்றால் அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் 500 ஒளிந்திருக்கும். டோலோ 650 நாலு வேளை 2600; சளி மாத்திரை மூன்று வேளை 1500; சேர்த்தால் 4100. பெரியவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4000. மூன்று பெயரில் மூன்று மருந்து சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறவர் உண்மையில் ஒன்றையே மூன்று தடவை சாப்பிடுகிறார், ஈரல்தான் கணக்குப் பார்க்கிறது. 2016இல் 344, 2018இல் 328, 2024 ஆகஸ்டில் 156 என்று கூட்டு மருந்துகளை அரசாங்கம் தடைசெய்திருக்கிறது. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் அலமாரியைக் கலைத்துத் தேடினோம்.

இதைவிட மோசம் 'செட்'. ஸ்ட்ரிப்பை வெட்டி, ஒரு வலி மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை, ஒரு ஸ்டெராய்டு என்று பொடிக் காகிதத்தில் கட்டி இருபது முப்பது ரூபாய்க்குக் கொடுப்பது. சில டாக்டர்களும் கொடுப்பார்கள், சில கடைகளும் கொடுக்கும். ஸ்டெராய்டு சேர்ந்தால் ராத்திரிக்குள் உடம்பு பறக்கும்; மறுபடி அதையேதான் கேட்கத் தோன்றும். வலி மாத்திரையும் ஸ்டெராய்டும் சேர்ந்தால் வயிற்றுப்புண் அபாயம் பல மடங்கு. காகிதத்தில் பெயரில்லை, பேட்ச் இல்லை, எக்ஸ்பைரி இல்லை. நாளைக்கு வாந்தியில் ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி டாக்டரிடம் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லக்கூட வழியில்லை. இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் வயது ஏறியும் குறையவில்லை.

சட்டப்படி இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை ஷெட்யூல் ஹெச். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஸ்ட்ரிப்பிலேயே அச்சடித்திருக்கும். அதை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பல்வலியோடு நிற்பவரை என்ன செய்வது என்று எல்லாக் கடைக்காரர்களும் கேட்பார்கள். அவருக்குப் பாராசிட்டமால் கொடுக்கச் சீட்டுத் தேவையில்லை. அதுவே பல நேரம் விடியும்வரை தாங்கும். கேட்டதெல்லாம் கொடுப்பதற்கு அந்தப் பல்வலியைக் காரணமாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது செல்போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் மருந்து வாசலுக்கு வருகிறது. சென்ற மழைக்கு முன் எங்கள் கட்டிடத்துப் பாட்டி ஒருவர் ஒரு கவரோடு வந்தார். பெங்களூரில் இருக்கும் மகன், அம்மாவுக்கு முதுகுவலி என்று கேட்டு அங்கிருந்தே ஆர்டர் போட்டிருக்கிறான். டைக்ளோஃபெனாக் 50, பத்து மாத்திரை. 'இத எப்ப சாப்பிடணும் தம்பி?' என்றார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் 75ம் குளோபிடோக்ரலும் என்னிடம்தான் வாங்குகிறார். அவற்றோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஒரு பக்கம், மாரடைப்பு அபாயம் இன்னொரு பக்கம். பாட்டியை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, அவர் போனிலிருந்தே மகனைக் கூப்பிட்டேன். நல்ல பையன், பதறிவிட்டான். 'அண்ணா, அங்க மெடிக்கல்ல யாரும் ஒண்ணும் கேக்கலையே' என்றான். அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் சால்ட்டையும் அளவோடு வாட்ஸப்பில் அனுப்பினேன். முதுகுக்குப் பாராசிட்டமால் 650, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், நாலு நாளில் கேட்காவிட்டால் இதய டாக்டரிடமே காட்டட்டும் என்று அதற்குக் கீழே எழுதினேன். டைக்ளோஃபெனாக் ஸ்ட்ரிப்பைப் பாட்டியிடமிருந்து வாங்கி, பில்லோடு கவரில் போட்டு, திருப்பி அனுப்புவதற்காகக் கவுண்டரில் எடுத்துவைத்தேன்.